சால்ட் என்ற ஒரு சொல்: உப்பளக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மாரியூர், வாலிநோக்கம் பக்கம் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளம், அதாவது உப்பளம், இருக்கிறது. வகுப்புக்கு வருகிறவர்களில் பலருக்கு உப்பு வாருவதோ, கருவாடு போடுவதோ, கடலுக்குப் போவதோதான் வீட்டுப் பிழைப்பு. அதனால் வேறு எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் வராத சந்தேகம் ‘சால்ட்’ என்ற சொல்லுக்கு வருகிறது. தங்களுக்கு நன்றாகத் தெரிந்த உப்பு, ஆங்கிலத்தில் சம்பளம், சந்தேகம், கோபம், மாலுமி, பாஸ்வேர்ட் என்று எங்கெங்கோ போய் நிற்பதைப் பார்த்து விடாமல் கேட்கிறார்கள்.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே கொடுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

சால்ட்னா உப்பு. அதுக்கு மேல அதுல என்ன இருக்கு டீச்சர்?

நிறைய இருக்கிறது. முதலில், அது வினைச்சொல்லாகவும் வரும். ‘சால்ட் தி ஃபிஷ்’ என்றால் மீனுக்கு உப்புப் போடு என்று பொருள். பெயருக்கு முன்னால் அடையாகவும் வரும்: ‘சால்ட் வாட்டர்’, ‘சால்ட் ஃபிஷ்’. கருவாட்டை ‘சால்ட் ஃபிஷ்’ என்றாலும் ‘சால்டட் ஃபிஷ்’ என்றாலும் சரிதான். உப்புப் போடாமல் வெறும் வெயிலில் காயவைத்ததை ‘டிரைடு ஃபிஷ்’ என்று சொல்லுங்கள்.

இவை தவிர வேதியியலில் ஒரு பொருள், கப்பல்காரர் பேச்சில் ஒரு பொருள், இளவட்டங்களின் பேச்சில் ஒரு பொருள், கணினியில் ஒரு பொருள் என்று உண்டு. ஒவ்வொன்றும் கீழே வருகிறது.

ஒன் சால்ட், டூ சால்ட்ஸ்னு எண்ணலாமா?

சமையல் உப்பை எண்ண முடியாது. ‘எ லிட்டில் சால்ட்’, ‘எ ஸ்பூன் ஆஃப் சால்ட்’, ‘எ பேக் ஆஃப் சால்ட்’ என்று அளவையோடுதான் சொல்ல வேண்டும்.

வேதியியலில் எண்ணலாம். அமிலமும் காரமும் சேர்ந்து வினைபுரியும்போது உண்டாகிற பொருளுக்கு அங்கே ‘சால்ட்’ என்று பெயர். நாம் சாப்பிடுகிற சோடியம் குளோரைடு அவற்றில் ஒன்று மட்டும். இதை உப்பளத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். கடல் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறிக் காயும்போது முதலில் சுண்ணாம்பு, ஜிப்சம் போன்றவை படிகின்றன. அப்புறம் தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரியை (சூடு அல்ல, போமே என்ற அடர்த்தி அளவு) ஒட்டும்போதுதான் சாப்பிடுகிற உப்பு விளைகிறது. கடைசியில் மிஞ்சுகிற தண்ணீரில் மெக்னீசிய உப்புகள் நிற்கும். அதை வெளியேற்றாமல் விட்டால் உப்பு கசக்கும். ஒரே கடல் தண்ணீரில் இத்தனை வகை இருப்பதால்தான் ‘சால்ட்ஸ்’ என்று பன்மை வருகிறது.

கடல் தண்ணி, கிணத்துத் தண்ணி, ஆஸ்பத்திரியில ஏத்துற சலைன், எல்லாத்துக்கும் ‘சால்ட்டி’னு சொன்னாப் போதுமா?

வாயில் வைத்துப் பார்த்து உப்புக் கரிக்கிற எதற்கும் ‘சால்ட்டி’ பொருந்தும். ஆனால் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்துவதுதான் அழகு. கடற்கரை ஊர்க் கிணற்றில் லேசாகக் கரிக்கிற உவர்த் தண்ணீர் ‘பிராக்கிஷ்’. அளத்துப் பாத்தியில் முற்றிய தண்ணீரும், ஊறுகாய்க்குக் கரைக்கிற உப்புத் தண்ணீரும் ‘பிரைன்’. மருந்து, அறிவியல் பேச்சில் ‘சலைன்’.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம். கடலில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. தாகத்துக்குக் கடல் தண்ணீரைக் குடித்தால் உடம்பு இன்னும் வறண்டுபோவதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம்.

இந்தச் சொல் எங்கேருந்து வந்தது?

ஆங்கிலத்துக்குப் பக்கத்துச் சொந்தங்களிலேயே இதைப் பார்க்கலாம். ஜெர்மன் மொழியில் ‘சால்ட்ஸ்’, சுவீடிஷ் மொழியில் ‘சால்ட்’. கொஞ்சம் தள்ளிப்போனால் லத்தீனில் ‘சால்’, ரஷ்ய மொழியில் ‘சோல்’, அயர்லாந்து மொழியில் ‘சாலன்’. ஐரோப்பிய மொழிகள் பலவும் பிரிவதற்கு முன்னால் இருந்த ஒரு பழைய வேரிலிருந்து இவை எல்லாம் கிளைத்தவை. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

கிரேக்கத்தில் ‘ஹால்ஸ்’ என்று இருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் வரும் பழைய ‘ச’ ஒலி அந்த மொழியில் ‘ஹ’ ஆகிவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற ‘ஹாலஜன்’ அந்த ‘ஹால்ஸ்’ஸிலிருந்து வந்தது. உப்பை உண்டாக்குவது என்று பொருள். குளோரின் ஒரு ஹாலஜன், அது சோடியத்தோடு சேர்ந்தால் சாப்பாட்டு உப்பு. அந்த ‘ஹால்ஸ்’ என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் கடல் என்றும் பொருள் உண்டு. நம் பக்கத்திலும் உவர் என்றால் உப்பு, உவரி என்றால் கடல். கடலை நாக்கால் அறிந்தவர்கள் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறார்கள்.

‘சாரம்’ங்கிற நம்ம சொல்தான் சால்ட் ஆச்சுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்களே?

இல்லை. மேலே சொன்ன சொந்தங்களைப் பாருங்கள். ஐரோப்பாவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் ஒழுங்கான ஒலி மாற்றத்தோடு அந்தக் குடும்பம் நிற்கிறது. இரண்டு சொற்களின் முதல் எழுத்து ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது.

நம் உப்பு தன் சொந்தக் குடும்பத்தோடு நிற்கிற சொல். தெலுங்கில், கன்னடத்தில், மலையாளத்தில் எல்லாம் ‘உப்பு’தான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு உண்மையாகவே போன சொற்கள் இருக்கின்றன. இந்தக் கரையில் அலையை வெட்டிக்கொண்டு போன கட்டுமரம் ‘கேட்டமரன்’ ஆனது. சுருட்டு ‘செரூட்’ ஆனது. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனது. இவற்றுக்கு ஆதாரம் கையில் இருக்கிறது. இவற்றைச் சொல்லிப் பெருமைப்படுங்கள், தாராளமாக.

ரோமாபுரியில சிப்பாய்களுக்கு உப்பையே கூலியாக் கொடுத்தாங்க, அதான் ‘சாலரி’ன்னு புத்தகத்துல இருக்கே?

பாதி உண்மை. ‘சாலரி’ லத்தீன் ‘சலாரியம்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘சலாரியம்’ என்பதற்குள் ‘சால்’ இருப்பதும் உண்மை. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோமானியரே, போர்ச்சேவைக்கான படியின் பெயரில் உப்பு இருப்பதை எழுதியிருக்கிறார்.

ஆனால் சிப்பாய்க்கு மாதக் கூலியாக உப்பு மூட்டையை அளந்து கொடுத்தார்கள் என்று பழைய ஆவணம் எதுவும் சொல்லவில்லை. ரோமானியப் படைக்குக் கூலி காசாகக் கொடுக்கப்பட்டது, தானியமும் உண்டு. தேர்வில் ‘சாலரி என்ற சொல்லின் மூலம் எது’ என்று கேட்டால் உப்பு என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். உப்பு மூட்டைக் கதையைச் சேர்க்க வேண்டாம்.

அப்ப நம்ம ‘சம்பளம்’? அதுலயும் அளம் இருக்குன்னு அப்பா சொல்றாரு.

சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுக்கப்பட்டதால் ‘சம்பளம்’ வந்தது என்ற விளக்கம் பரவலாக உண்டு. அளத்தில் வேலை செய்கிற குடும்பத்துக்கு அது பிடித்துப்போவதும் இயல்பு. வடமொழியில் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற உணவுக்கு ‘சம்பலம்’ என்று பெயர், அங்கிருந்து வந்தது என்பாரும் உண்டு. சாலரிக்குக் காட்டிய அதே நிதானத்தை இங்கேயும் காட்ட வேண்டும். வகுப்பில் இரண்டையும் சொல்கிறேன், ஒன்றை முடிந்த முடிவாக எழுதிக்கொள்ள விடுவதில்லை.

உப்பும் நெல்லும் சரிக்குச் சரியாக மாறின என்பதற்கு மட்டும் அசைக்க முடியாத சாட்சி இருக்கிறது. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் ஒரு பெண் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று கூவி விற்கிறாள். அதே பாட்டு உப்பை ‘உழாஅது செய்த’ விளைச்சல் என்கிறது. பாத்தி கட்டுகிறோம், தண்ணீர் பாய்ச்சுகிறோம், விளைந்ததை வாருகிறோம், ஆனால் உழுவதில்லை. அளத்து வேலையை இவ்வளவு சரியாகச் சொன்ன சொல்லை நான் வேறு மொழியில் பார்த்ததில்லை.

‘வொர்த் ஹிஸ் சால்ட்’ன்னா பாராட்டா, திட்டா? ‘உப்புப் பெறாத’ங்கிறதுதானே அது?

பாராட்டு. ‘எனி டிரைவர் வொர்த் ஹிஸ் சால்ட்’ என்றால், பெயருக்கேற்ற டிரைவர் எவரும், கொடுக்கிற கூலிக்குத் தகுதியான டிரைவர் எவரும் என்று பொருள். ‘நாட் வொர்த் ஹிஸ் சால்ட்’ என்றால் கூலிக்குத் தகுதி இல்லாதவர். 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இது புழக்கத்தில் இருக்கிறது. ரோமானியர் காலத்திலிருந்தே வருவது என்று சிலர் சொல்வது, மேலே பார்த்த மூட்டைக் கதையின் வால்.

‘உப்புப் பெறாத விஷயம்’ என்று நாம் சொல்வதோடு இதைக் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள் அதிகம். சொற்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணக்கு வேறு. ஆங்கிலத்தில் உப்பு என்பது ஒருவர் பெறுகிற ஊதியம், மதிப்புள்ளது. அந்த ஊதியத்துக்கு ஆள் ஈடாவாரா என்று பார்க்கிறார்கள். தமிழில் உப்பு என்பது எல்லாவற்றிலும் விலை குறைந்தது. அந்த விலைகூடப் பெறாத அற்பம் என்கிறோம். கரை நெடுக உப்பு குவிந்து கிடக்கும் ஊரில் இப்படித்தான் வழக்கு பிறக்கும். இன்னொன்று, ஆங்கில வழக்கு பெரும்பாலும் ஆளைப் பற்றிப் பேசுகிறது, தமிழ் வழக்கு விஷயத்தைப் பற்றி. ‘உப்புப் பெறாத சண்டை’ என்பதை ‘எ ட்ரிவியல் க்வாரல்’ என்று மொழிபெயர்த்தால் போதும், அங்கே ‘சால்ட்’ வேண்டாம்.

ஒரு வழக்கில் உப்பு வந்தால், அந்த உப்பு அங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். கூலியா, ருசியா, மருந்தா, கெடாமல் காப்பதா? அது தெரிந்துவிட்டால் பொருள் தானாக வந்துவிடும். இனி வரும் கேள்விகளுக்கெல்லாம் இந்த வழிதான்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ங்கிறதை ஆங்கிலத்துல எப்படிச் சொல்றது?

இதற்கு நெருக்கமான வழக்கு ஆங்கிலத்தில் உண்டு. ‘ஈட் சம்ஒன்’ஸ் சால்ட்’ என்றால் ஒருவர் வீட்டு உப்பைத் தின்பது, அவரை அண்டி வாழ்வது. ‘ட்ரூ டு ஹிஸ் சால்ட்’ என்றால் தின்ற உப்புக்கு விசுவாசமானவர். வெள்ளைக்காரர் காலத்து இந்தியப் படைகளில் இந்தப் பேச்சு நிறைய புழங்கியது. பாரசீகம், இந்தி வழியாக வந்த ‘நமக் ஹலால்’ (உப்புக்கு விசுவாசமானவர்), ‘நமக் ஹராம்’ (உப்புக்குத் துரோகம் செய்தவர்) என்ற வழக்குகளும் இதே எண்ணத்தைத்தான் சொல்கின்றன.

இன்றைய ஆங்கிலத்தில் இது பழைய வாடை அடிக்கும். கடிதத்தில் எழுதுவதானால் ‘ஐ வில் ஆல்வேஸ் பி கிரேட்ஃபுல் டு யூ’ என்றே எழுதுங்கள். நன்றி சரியாகப் போய்ச் சேரும்.

‘பின்ச் ஆஃப் சால்ட்’னு சமையல் குறிப்புல வருது, செய்தியிலயும் வருது. ஒண்ணுதானா?

சமையல் குறிப்பில் அது ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். ‘டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்’ என்று வந்தால், கேட்டதை அப்படியே நம்பிவிடாதே என்று பொருள். அமெரிக்கர்கள் ‘கிரெயின் ஆஃப் சால்ட்’, அதாவது ஒரு கல் உப்பு என்பார்கள். பழையது அதுதான், 17ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. சிட்டிகை பின்னால் வந்தது.

இதன் பின்னாலும் அந்தப் பிளினிதான் இருக்கிறார். கருங்கடல் கரையில் பொன்டஸ் என்ற நாட்டை ஆண்ட மித்ரிடேட்டஸ் என்ற அரசர், எதிரிகள் விஷம் வைத்துவிடுவார்கள் என்று எப்போதும் அஞ்சியவர். அவரை வென்ற ரோமானியத் தளபதி பாம்பி, விஷமுறிவுக் குறிப்பு ஒன்றைக் கண்டெடுத்தாராம். 2 காய்ந்த அக்ரூட் பருப்பு, 2 அத்திப்பழம், 20 அருவதா இலை, ஒரு கல் உப்பு. இடித்து வெறும் வயிற்றில் சாப்பிட்டால் அன்றைக்கு எந்த விஷமும் தீண்டாது என்று பிளினி எழுதிவைத்தார். அங்கே உப்பு மருந்தில் ஒரு சரக்கு. பின்னால் வந்தவர்கள் அந்த ‘ஒரு கல் உப்போடு’ என்ற சொல்லை எடுத்து, நம்பக் கடினமான பேச்சை விழுங்க உதவும் உப்பாக மாற்றிவிட்டார்கள்.

எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கு நம் ஊர் உதாரணம்: வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்புகிற ‘நாளை பெரும்புயல்’ செய்தியை ‘வித் எ பின்ச் ஆஃப் சால்ட்’ எடுத்துக்கொள்ளலாம். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

சர்ச்ல ‘சால்ட் ஆஃப் தி எர்த்’னு படிக்கிறோம். மண்ணு உப்பாப் போனா விளையாதே, அது எப்படி நல்ல வார்த்தை?

ஓடைக்கரையில் நிலம் உவர்ந்துபோய் விதைக்க முடியாமல் நிற்பதைப் பார்த்தவர்கள் கேட்கிற கேள்வி இது, நியாயமான கேள்வி. இங்கே ‘எர்த்’ என்பது வயல் மண் அல்ல, உலகம். மத்தேயு 5:13இல் இயேசு தம் சீடர்களைப் பார்த்து, ‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்’ என்கிறார். உப்பு சாரமற்றுப்போனால் எதினால் சாரமாக்கப்படும் என்று தொடர்கிறார். ருசி தருவதும் கெடாமல் காப்பதும்தான் அந்த உப்பின் வேலை.

இன்றைய ஆங்கிலத்தில் ‘ஷி இஸ் தி சால்ட் ஆஃப் தி எர்த்’ என்றால், பகட்டு இல்லாத, நேர்மையான, நம்பி எதையும் ஒப்படைக்கக்கூடிய மனுஷி என்று பொருள். மதம் சாராத பேச்சிலும் தாராளமாக வரும். நிலத்தில் உப்பைப் போட்டுப் பாழாக்குவது வேறு வழக்கு, ‘சால்ட் தி எர்த்’. ‘ஆஃப்’ என்ற ஒரே ஒரு சிறு சொல் போகிறது, பொருள் தலைகீழாகிறது. தேர்வில் கவனமாக இருங்கள்.

‘ரப் சால்ட் இன் தி வூண்ட்’: வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுறதா?

ஆமாம், அதே இடத்தில் போடலாம். ஏற்கெனவே நொந்திருப்பவரை மேலும் நோகடிப்பது. காலில் வெடிப்போடு பாத்திக்குள் இறங்கி வேலை செய்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதே இல்லை.

‘சால்ட் அவே’ன்னா உப்பைத் தள்ளி வைக்கிறதா?

பணத்தைச் சேர்த்து வைப்பது. ‘ஹி சால்டட் அவே சம் மணி’ என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, பல நேரம் பிறர் கண்ணில் படாமல், பணம் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று பொருள். இங்கே உப்பின் வேலை கெடாமல் காப்பது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அதற்கு முன்னால் நெத்திலியும் சாளையும் மலிவாகக் கிடைக்கும்போது உப்புப் போட்டுக் காயவைத்து எடுத்து வைக்கிற வீடுகள் எத்தனை! வருமானம் இல்லாத நாளுக்கு இருக்கும்போதே ஒதுக்குவது. மீனுக்குச் செய்ததைப் பணத்துக்கும் சொன்னார்கள், ‘சால்ட் அவே’ வந்துவிட்டது. கருவாட்டுக் கடைக்காரர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு கெட்ட பொருளும் இருக்கிறது. ‘சால்டிங் தி மைன்’ என்றால், ஒன்றும் இல்லாத சுரங்கத்தில் தங்கத் துகளைத் தூவிவைத்து, வாங்க வருபவரை ஏமாற்றுவது.

எங்க அப்பா உப்பளத்துல வேலை பாக்குறார். ‘சால்ட் மைன்’னு எழுதலாமா?

எழுதக் கூடாது. ‘சால்ட் மைன்’ என்றால் பூமியைத் தோண்டிப் பாறை உப்பு எடுக்கிற சுரங்கம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற இந்துப்பு அப்படி வருவது. கடல் தண்ணீரைக் காயவைத்து உப்பு எடுக்கிற நம் அளம் ‘சால்ட் பேன்’. அதில் வேலை செய்பவர் ‘சால்ட் பேன் வொர்க்கர்’. விண்ணப்பத்தில் தலை நிமிர்ந்து அப்படியே எழுதுங்கள்.

‘பேக் டு தி சால்ட் மைன்ஸ்’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. விடுப்பு முடிந்து அலுப்போடு வேலைக்குத் திரும்புபவர்கள் சொல்வது. ரஷ்யாவில் கைதிகளை சைபீரியச் சுரங்கங்களுக்கு அனுப்பியதை வைத்துப் பிறந்தது. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர் சிரித்துக்கொண்டே சொல்லலாம். உப்பில் நின்று உழைப்பவர் வீட்டில் இதைச் சொல்வது நன்றாக இருக்காது.

‘சால்ட் மார்ச்’ மார்ச் மாசத்துல நடந்ததால அந்தப் பேரா? ‘சால்ட் மார்ஷ்’ங்கிறது வேறயா?

காந்தி 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து தண்டிக்குக் கிளம்பியதால் இந்தக் குழப்பம் வருகிறது. அந்த ‘மார்ச்’ மாதம் அல்ல, அணிவகுத்து நடப்பது. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது ஏப்ரலில். அதுவும் ‘சால்ட் மார்ச்’தான்.

‘மார்ஷ்’ என்பது சதுப்பு நிலம். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற, உவர்ப்பைத் தாங்கும் செடிகள் வளர்கிற கழிநிலம் ‘சால்ட் மார்ஷ்’. காரங்காட்டில் படகில் போய்ப் பார்க்கிற அலையாத்திக் காட்டுக்கு ‘மாங்குரோவ்’ என்று தனிப் பெயர் இருக்கிறது, அதையே சொல்லுங்கள்.

‘ஓல்ட் சால்ட்’னா பழைய உப்பா?

ரொம்ப காலம் கடலில் திரிந்த அனுபவசாலி. காற்றின் திசை மாறியதுமே சொல்லிவிடுகிற தண்டல் (படகை நடத்துபவர்), நீரோட்டத்தை மனப்பாடமாக வைத்திருக்கிற பெரியவர், இவர்களை அப்படிச் சொல்லலாம். அன்பான சொல். கடலுக்குப் போகாத வயசாளிக்குப் பொருந்தாது.

கேம்ல தோத்தா ‘ஒய் ஆர் யூ சோ சால்ட்டி’ன்னு எழுதுறானுங்க. என்ன அர்த்தம்?

தோற்ற கடுப்பில் ஏன் இப்படிக் குமுறுகிறாய் என்று அர்த்தம். இன்றைய பேச்சு மாதிரித் தெரிந்தாலும் வேர் பழையது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் 1930களிலேயே ‘ஜம்ப் சால்ட்டி’ என்றால் திடீரென்று கோபப்படுவது. நண்பர்களுக்குள் சொல்லலாம், தேர்வுத் தாளில் வேண்டாம். நரைத்த தாடியை ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்பது மட்டும் எங்கேயும் சொல்லக்கூடியது.

சாஸ், சாலட், சாசேஜ் எல்லாம் ‘சா’வுல தொடங்குதே. அதுவும் உப்பா?

இந்த முறை ஆமாம். இன்னொன்றையும் சேர்த்து நான்காகச் சொல்கிறேன்: சாஸ், சாலட், சாசேஜ், சலாமி. எல்லாம் லத்தீன் ‘சால்’ வழி வந்தவை. சாலட் என்றால் உப்பிட்டது என்றுதான் முதல் பொருள். பச்சைக் காய்கறியை உப்பு நீர் தெளித்துச் சாப்பிட்டதால் வந்த பெயர். ஊர்ப் பெயர்களிலும் உண்டு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் என்றால் உப்புக் கோட்டை. தொண்டி போகிற வழியில் விநாயகர் கோவிலோடு இருக்கிற நம் உப்பூர் மாதிரி.

‘சால்ட் செல்லர்’ என்ற உப்புக் கிண்ணத்தில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. அந்த ‘செல்லர்’ நிலவறை அல்ல. பிரெஞ்சில் உப்புக் கிண்ணத்துக்கு இருந்த பெயரே அப்படித் திரிந்தது. அதற்குள் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, மக்கள் மறந்துபோய் முன்னால் இன்னொரு ‘சால்ட்’ சேர்த்துவிட்டார்கள். நடுக்காலத்துப் பிரபுக்கள் வீட்டு விருந்தில் இந்தக் கிண்ணம் மேசையின் நடுவே இருக்கும். பெரிய மனிதர்கள் அதற்கு மேல்பக்கம், மற்றவர்கள் கீழ்ப்பக்கம். ‘பிலோ தி சால்ட்’ என்றால் தகுதியில் தாழ்ந்தவர் என்று ஆனது அப்படித்தான். பந்தியில் ஆள் பார்த்து இடம் போடுகிற வழக்கம் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறது.

அப்ப ‘அசால்ட்’, ‘பசால்ட்’, ‘கோபால்ட்’?

இவற்றில் ஒன்றுகூட உப்பு இல்லை. ‘அசால்ட்’ லத்தீனில் பாய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, தாக்குதல் என்று பொருள். குட்டிக்கரணத்துக்கான ‘சமர்சால்ட்’டும் அந்தப் பாய்ச்சல்தான். ‘பசால்ட்’ எரிமலைப் பாறை. ‘கோபால்ட்’ ஜெர்மன் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் நம்பிய ஒரு குட்டிப் பேயின் பெயரிலிருந்து வந்தது.

‘அசால்ட்டா முடிச்சிட்டான்’ என்று நம் பையன்கள் பேசுவது தமிழ்ப் பேச்சுவழக்கு. அலட்டிக்கொள்ளாமல் என்று பொருள். ஆங்கிலம் பேசும்போது ‘ஐ டிட் இட் அசால்ட்’ என்று சொல்லிவிடாதீர்கள். அடிதடி வழக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். ‘ஈசிலி’ என்றால் போதும்.

‘லைக் எ டோஸ் ஆஃப் சால்ட்ஸ்’ங்கிறது?

மிக வேகமாக என்று பொருள். இந்த ‘சால்ட்ஸ்’ பேதிக்குக் கொடுக்கிற எப்சம் உப்பு, மெக்னீசியம் சல்பேட். எப்சம் இங்கிலாந்தில் ஓர் ஊர். மருந்தின் வேகம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மரியாதையான இடத்தில் சொல்ல வேண்டாம்.

கம்ப்யூட்டர் கோர்ஸ்ல பாஸ்வேர்டுக்கு ‘சால்ட்’ போடணும்கிறாங்க. இது எந்த உப்பு?

பாஸ்வேர்டை அப்படியே சேமித்தால் திருடிவிடுவார்கள். அதனால் ஒரு கணக்கின் வழியே அதை உருமாற்றிச் சேமிப்பார்கள். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் உருமாறியதும் ஒன்றாகத் தெரிந்துவிடும். அதைத் தடுக்க ஒவ்வொருவர் பாஸ்வேர்டோடும் வெவ்வேறு எழுத்துக் குவியல் ஒன்றைச் சேர்த்துவிட்டு உருமாற்றுவார்கள். சேர்க்கிற அந்தக் குவியல்தான் ‘சால்ட்’. மேலே சொன்ன வழியில் பார்த்தால், இங்கே உப்பின் வேலை கலப்பது: சிறிதளவு சேர்ந்ததும் முழுவதும் வேறாகிவிடுவது.

‘உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கணும்’, ‘உப்புக்குச் சப்பாணி’: இதையெல்லாம் சால்ட் போட்டே மொழிபெயர்க்கலாமா?

முதலாவதை ‘ஹூ ஈட்ஸ் சால்ட் மஸ்ட் டிரிங்க் வாட்டர்’ என்று எழுதினால் கேட்பவர் ஆரோக்கியக் குறிப்பு என்று நினைப்பார். தப்புச் செய்தவர் அதன் பலனை அனுபவிக்க வேண்டும் என்ற கண்டிப்பு வராது. ‘யூ ரீப் வாட் யூ சோ’ அந்தக் கண்டிப்பைக் கொண்டுவரும். ‘உப்புக்குச் சப்பாணி’ விளையாட்டில் கணக்கில் சேராமல் சேர்த்துக்கொள்கிற சின்னப் பிள்ளை. அலுவலகத்தில் ஒருவரைக் குறைத்துச் சொல்லும்போது ‘தேர் ஒன்லி இன் நேம்’ சரியாக இருக்கும். ‘உப்புச் சப்பில்லாத பேச்சு’ என்பதற்கு ‘டல்’ அல்லது ‘இன்சிப்பிட்’.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதும் இதே கவனம் வேண்டும். ‘வொர்த் ஹிஸ் சால்ட்’ என்பதை ‘அவருடைய உப்புக்குத் தகுதியானவர்’ என்று எழுதுவது தமிழ் அல்ல. ‘வாங்குகிற சம்பளத்துக்கு உழைக்கிறவர்’ என்று எழுதினால் வாலிநோக்கத்தில் உப்பு வாருகிறவருக்கும் புரியும்.